பன்னிரண்டாம் இடத்துக்கு ஒரு ‘ம்’

கடைசி இடம் என்று லோபஸ் சொல்லவே இல்லை, அதுதான் டெல்பினுக்குத் தாங்கவில்லை. கடைசி என்று சொல்லித் தொலைத்திருந்தால் அதில் ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். கரையோரப் பந்தாட்டத்துக்கென்று தனியாகச் சேனல் வைத்து, சீசன் தொடங்குவதற்கு முன்னால் பன்னிரண்டு ஊர் அணிகளையும் தராசில் நிறுத்துகிற அந்த மனுஷன், மூச்சை இழுத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, “அன்பான... கால்பந்து... நெஞ்சங்களே, மீதிப் பதினோரு அணிகளையும் கீழேயிருந்து தாங்கிப் பிடிக்க ஒரு அணி வேண்டுமல்லவா” என்றுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான், அப்புறம்தான் அவள் ஊரான இடவிளைத்துறையின் மிக்கேல் அணி என்றான், அதற்கும் அப்புறம் அதைச் சொன்னான்: “அவர்களுடைய கோல்கீப்பருக்கு மீன் நன்றாகவே பிடிக்க வரும்.” அவ்வளவுதான். பந்து என்ற சொல்லை வாயால் எடுக்கவில்லை. திறமைக்காரன், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், டெல்பின் ஒத்துக்கொண்டாள், ஏனென்றால் அந்த இழுவையையும் அந்த நிறுத்தத்தையும் ‘நெஞ்சங்களே’யில் மூக்கு வழியாகக் கசியும் அந்தக் காற்றையும் அவள் மூன்று வருஷமாகப் பயின்றிருந்தாள், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் லோபஸ் குரலில் தலைமையாசிரியைக்குப் பதினோராம் இடம் கொடுத்து ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றவள் அவள். இப்போது மீனவர் சங்கத்து மாடியில், வயர்லெஸ் அறையில், சூடேறின பெட்டியின் வாசனையும் கிராம்பு எண்ணெய் வாசனையும் கலந்த காற்றில், மைக்கின் முன்னால் அவளைத்தான் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கிராம்பு எண்ணெய் எரோணிமூஸ் மாமாவுடையது. வயர்லெஸ் அவர் வேலை, வருஷக்கணக்காக ஊர் மொத்தத்துக்கும் கடலுக்குப் பேசுகிற வாய் அவருடையதுதான், ஆனால் இன்று காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்த பையன் மாதிரி அமர்ந்திருந்தார். “ஹூ... ஹொல்லு” என்றார். நீ சொல்லு என்று அர்த்தம். டெல்பினுக்கு அந்தக் குரலும் அப்போதே நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, ஹூ ஹொல்லு, ஹூ ஹொல்லு, சே, இப்போது இதுவா.

சொல்ல வேண்டியது கிளாட்வினுக்கு. கிளாட்வின் அவள் அண்ணன், அந்த மீன் நன்றாகப் பிடிக்கிறவன். போன வருஷம் முதல் சுற்றில், மழையில் ஊறின பந்து, ஒரு நொண்டிப் பந்து, உருண்டு உருண்டு வந்த பந்து, அவன் கைக்குள் வந்து, கையிலிருந்து வழுக்கி, காலிடுக்கு வழியாக உள்ளே போனது, கடற்கரை முழுக்க அந்தப் படம் செல்போன் செல்போனாகப் போனது, மணக்குடி வரைக்கும் போனது, கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் இலையில் ஓடினால்கூட ‘கிளாட்வின் பிடிக்கான் பாரு’ என்றார்கள். எல்லாரும் டெல்பினிடம் கேட்டார்கள், எட்டி அத ஒண்ணு செய்து காட்டு, உனக்க அண்ணன் குனிஞ்சு பாக்குற பார்வைய மட்டும் காட்டு. அவள் பங்குச் சாமியாரைச் செய்வாள், ஏலக்காரனைச் செய்வாள், பேருந்து நடத்துநரை, சொந்த அம்மாவை, அழுதுகொண்டே சண்டை போடுகிற அடுத்த வீட்டு இரட்டையரை ஒரே மூச்சில் செய்வாள், அதை மட்டும் செய்யவில்லை. செய்யவும் வராது, அதுவும் உண்மை. கிளாட்வினைப் பிடிக்க ஒன்றுமே கிடையாது, அவன் பேசினால்தானே. எது கேட்டாலும் ‘ம்’. ஆனால் அந்த ‘ம்’ ஒன்றல்ல. நீட்டி, முடிவில் கொஞ்சம் இறங்கினால் இல்லை. மூக்கிலேயே முறிந்தால் என்னை விடு. கேட்டுவிட்டுக் காத்திருந்து, சோற்றைப் பிசைந்து முடித்து, அப்புறம் வந்தால், யோசிக்கிறேன், அதாவது மாட்டேன். எப்போதாவது ஒன்று வரும், கேள்வி முடிவதற்கு முன்னாலேயே. அவள் சைக்கிள் கேட்டபோது வந்தது. அப்பா இறக்கும்போது ‘அம்மாவ...’ என்று ஆரம்பித்தாரே, அப்போது வந்தது. அந்த ‘ம்’ வந்துவிட்டால் மலை பெயர்ந்தாலும் அது நடக்கும். அதைச் செய்து பார்க்கத்தான் கண்ணாடி முன்னால் எத்தனை நாள் நின்றாள், வாயைத் திறக்காத ஒரு எழுத்து, அதுதான் வரமாட்டேன் என்கிறது. அப்படிப்பட்டவன் இந்தமுறை கடலுக்குப் போகும்போது, வள்ளத்தில் காலை வைத்துக்கொண்டு, வருஷத்திலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினான்: “லோபஸ் நம்மளக் கடைசியில போட்டா நான் கரைக்கு வரல, சூரைக்குப் போறேன்.” சொன்னதோடு இல்லை, அதே படகில் இன்னும் ஐந்து ஆட்டக்காரர்கள், நடு ஆட்டக்காரனும் இடதுகாலனும் எல்லாரும், கோலுக்கு முன்னால் கிளாட்வின் இல்லையென்றால் தாங்களும் இல்லை என்கிற கூட்டம். படகை ஓட்டுகிற ததேயு அண்ணன் இன்று சாயங்காலம் கரையோடு பேசிவிட்டுத்தான் படகின் முகத்தைத் திருப்புவார், ஒன்று வீட்டுக்கு, இல்லையென்றால் வடக்கே சூரை மீன் ஓடுகிற பக்கம். வடக்கே போனால் மீன் உண்டு, ஆட்டம் கிடையாது. திரும்பி வரும்போது கோப்பையை வேறு யாரோ வாங்கி, வைத்து, தூசியும் துடைத்திருப்பார்கள்.

“நாலாவது இடம்னு சொல்லு மக்களே, அவன் அங்க நடுக்கடல்ல இருந்து படம் பாக்கப் போறானா” என்றாள் பிலோமி அக்கா. கால்மாட்டில் மீன் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, கத்தியை இடுப்பில் செருகியபடி நின்றாள். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தாள். எந்த ஆட்டமானாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் குடையோடு நிற்பாள் பிலோமி அக்கா, கிளாட்வின் மேல் வெயில் படக்கூடாது, போன வருஷம் மழையில் பையன் நனைகிறானே என்று குடையைக் கம்பத்துக்குள் நீட்டிவிட்டாள், ரெஃப்ரி ஓடிவந்து அவளுக்கே மஞ்சள் அட்டை காட்டினார், அதை அவள் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. “லோபஸே, உனக்க மைக்குல இடி விழ, உனக்க சோத்துல மணல் விழ, எனக்க பயல மீன் பிடிக்கிறவன்னா சொன்ன, ஆமாலே, பிடிப்பான், உன்னையும் சேத்துப் பிடிப்பான்” என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். ரீசார்ஜ் கடை வின்சி, இவன் ஒவ்வொரு கோலையும் மனசில் வைத்திருக்கிறவன், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “அறிவுப்பூர்வமா யோசிங்க அக்கா, நாலுன்னா நம்ப மாட்டான், நம்ம அட்டாக் என்ன லெச்சணம்னு அவனுக்கே தெரியும். எட்டுன்னு சொல்லுவோம்” என்றான். “எட்டா? எட்டுக்கு அவன் எதுக்குலே திரும்பி வரணும்? அஞ்சு.” “ஏழு.” “அஞ்சரை.” “அக்கா, அரைன்னு ஒரு இடம் இல்ல.” டெல்பினுக்குள் ஏலக்காரன் விழித்துக்கொண்டான், தன்பாட்டில் தொண்டை கனத்தது, ஏழு ஏழு ஏழு, ஆறேகால் கேட்டாச்சு, ஆறு ஒருதரம், ஆறு ரெண்டுதரம், என்று அவள் வாயே முழங்கியது, மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், எரோணிமூஸ் மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு “ஹிரிக்க வைக்காத ஹாவி” என்று கும்பிட்டார். ஆறு. ஆறாம் இடம் என்று தீர்ந்தது. லோபஸ் குரலிலேயே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் கேட்கிறவன் நம்பி அப்படியே அங்கே எடுத்துச் சொல்லுவான். மிக எளிது. அன்பான, நிறுத்து, கால்பந்து, நிறுத்து, நெஞ்சங்களே. ஆறாம் இடம், கணிக்க முடியாத அணி, கறுப்புக் குதிரை, இல்லை, லோபஸ் குதிரை என்று சொல்லமாட்டான், சுறா என்பான், மணலுக்குள் ஒளிந்த சுறா. நன்றாயிருக்கிறது. ஒளிந்த சுறா. அவள் மனசுக்குள்ளேயே இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாள், இரண்டு தரமும் சரியாய் வந்தது, ஆனாலும் உள்ளங்கை வேர்த்து மைக் பிடி வழுக்கியது, மழையில் ஊறின பந்தைப் போல, அட, இப்படித்தானா அன்று அவனுக்கு இருந்தது.

பெட்டி இரைந்தது, அடங்கியது, இரைந்தது. நேராகக் கிளாட்வினோடு பேச முடியாது, அதுதான் இதில் உள்ள சங்கதி. கரையிலிருந்து போகிற குரல் பாதிக் கடலில் நின்றுவிடும், நடுவில் கிடக்கிற ஏதாவது ஒரு படகு அதைக் கேட்டு, அடுத்த படகுக்குச் சொல்லவேண்டும், அங்கிருந்து வருவதை இங்கே சொல்லவேண்டும். இந்தப் பருவம் முழுக்க நடுவில் கிடந்தது லியோன் அண்ணனின் படகு. லியோன் அண்ணனை டெல்பின் ஒருநாளும் பார்த்ததில்லை. குரல்தான் தெரியும், மணலை அரைத்த மாதிரிக் குரல், ஓவர் என்று சொல்லமாட்டார், ‘ஓவ்வர்’ என்பார், நடுவில் ஒரு படி ஏறி இறங்குகிற மாதிரி. மீசை இருக்குமா, இருக்கும், அந்த ‘வ்வ’வுக்கு மீசை இல்லாமல் முடியாது. புயல் வந்த வருஷம் இந்த அறையில் ஊரே நின்றது, மாடிப்படி, கீழ்வாசல், ரோடு வரைக்கும் பெண்கள், யாரும் அழக்கூட இல்லை, அழுதால் பெட்டி பேசுவது கேட்காது என்று, அம்மா சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள், அப்போதும் நடுவில் கிடந்தவர் லியோன்தான், தன் படகே தள்ளாடுகிறபோது ஒவ்வொரு பெயராகச் சொன்னார், ததேயு இருக்கு ஓவ்வர், சேவியர் இருக்கு ஓவ்வர், மிக்கேல்பிள்ளை கை முறிஞ்சிருக்கு, உயிர் இருக்கு ஓவ்வர், கிளாட்வின், என்று சொல்லிவிட்டு இரைச்சல், இரைச்சல், வெறும் இரைச்சல், டெல்பின் அப்போது சின்னப்பிள்ளை, அந்த இரைச்சல் இன்றைக்கும் சிலநாள் காதுக்குள் வரும், மின்விசிறி ஓடும்போது வரும், பிறகு ‘கிளாட்வின் இருக்கு ஓவ்வர்’. மறுநாள் எரோணிமூஸ் மாமா அவளிடம் சொன்னார், லியோனுக்கு மூணு பெயர் கேக்கல, கேக்கலன்னுதான் சொன்னான், இருக்கும்னு சொல்லல பாத்தியா. நடுவுல நிக்கிறவன் ஒரு எழுத்துக் கூட்டப்படாது, ஒரு எழுத்துக் குறைக்கப்படாது. ஆசைக்காக ஒருதரம் மாத்தினான்னா, அப்புறம் அவன் ‘இருக்கு’ன்னு சொன்னா எவ நம்புவா. மூன்று பெயரும் மறுநாள்தான் வந்தது. இல்லை, இரண்டுதான் வந்தது. சரி, அது இப்போது வேண்டாம். இப்போது ஆறாம் இடம், ஒளிந்த சுறா.

“இடவிளை, இடவிளை, லியோன் பேசுகேன். கேக்குதா, ஓவ்வர்.” எரோணிமூஸ் மாமா அவளைத் தோளில் தட்டினார். டெல்பின் பொத்தானை அழுத்தினாள், தொண்டை தானாக லோபஸாக மாறியது, அத்தனை அழகாக வந்தது, “அன்பான... கால்பந்து... நெஞ்சங்களே, இந்த ஆண்டின் தரவரிசையில், மணலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சுறா, இடவிளைத்துறை மிக்கேல், ஆறாம் இடம்! ஓவர்.” பிலோமி அக்கா சத்தமில்லாமல் கை தட்டினாள். பெட்டி இரைந்தது. கொஞ்சம் அதிகமாகவே இரைந்தது. பிறகு மணல் குரல் வந்தது, மெதுவாக: “டெல்பி பிள்ளையா அது? நல்லா இருக்கு கேட்டியா, நான் ஒரு நிமிசம் லோபஸ்னே நினைச்சேன். பிள்ள, எனக்கு இங்க சிக்னல் கிடைக்கு. நானும் பாத்தேன்.” பனந்துறை. லியோன் அண்ணன் பனந்துறைக்காரர். இது எப்படி மறந்தது, நாலு பேருக்குமா மறந்தது, பட்டியலில் முதலிடம் பனந்துறை, போன வருஷம் அந்த நொண்டிப் பந்தை உருட்டிவிட்டவனே பனந்துறைக்காரன், அந்த ஊர்ப் படகு வழியாகத்தான் பொய் போகவேண்டும் என்று யாருமே யோசிக்கவில்லை, கடலில் இருக்கும்போது லியோன் எந்த ஊர் என்று யார் நினைப்பார்கள், அவர் வெறும் நடு. வின்சி நெற்றியில் அடித்துக்கொண்டான். “பிள்ள, நீ சொன்னத நான் அப்பிடியே சொல்லுவேன்” என்றது குரல், “ஆறுன்னு சொன்னா ஆறு. நான் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். அதுக்குத்தான் கேக்குகேன். இதுதான் சொல்லணுமா? ஓவ்வர்.” கேலி இல்லை அதில், அதுதான் பயமாக இருந்தது. கேலி இருந்திருந்தால் அவளுக்கு நூறு பதில் உண்டு. இந்தக் குரல்தானே ‘கிளாட்வின் இருக்கு’ என்றது. இதே தொண்டை. நாளைக்கு ஒரு காற்று வந்தால் இதே தொண்டைதானே மறுபடியும் பெயர்களைச் சொல்லும், அதற்குள் தன்னுடைய ஒரு பொய்யை, சின்னதுதான், ஆறுதான், அஞ்சரை கூட இல்லை, தன் கையால் ஊட்டிவிடுவதா. ஆனால் உண்மையைச் சொன்னால் வடக்கே போய்விடுவான். ததேயு அண்ணன் முகத்தைத் திருப்பிவிடுவார், கோல் கம்பத்துக்கு நடுவில் வேறு எவனாவது நிற்பான், பிலோமி அக்கா குடையை மடக்கி வைத்துவிடுவாள், அதையெல்லாம் விட, அவன் அந்தக் காலிடுக்கைச் சுமந்துகொண்டு கடலிலேயே கிடப்பான், கரை என்றாலே சிரிப்பு என்று நினைத்துக்கொண்டு. அவனுக்குக் கரையிலிருந்து கேட்டதெல்லாம் சிரிப்பு ஒன்றுதானே. பிலோமி அக்கா கூரையைப் பார்த்துத் திட்டினது அவனுக்குக் கேட்டதா? அஞ்சரை கேட்டதா? அதை யார் சொன்னார்கள் அவனுக்கு, யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் வாய் இருக்கிறது, இத்தனை வாயும் அவளிடம்தான் இருக்கிறது. டெல்பின் மைக்கை இறுக்கிப் பிடித்தாள். “லியோன் அண்ணே, ஆறு இல்ல, அத அழிச்சிடுங்க. பன்னிரண்டு. கடைசி. லோபஸ் சொன்னத அப்பிடியே சொல்லுங்க, மீன் பிடிக்கிறதையும் சொல்லுங்க. ஆனா கூடவே இதையும் சொல்லணும், ஒரு எழுத்துக் குறையாம, யாரு குரலோ அந்தக் குரல்ல.” அப்புறம் அவள் அவிழ்த்துவிட்டாள். பிலோமி அக்காவின் இடியும் மணலும், “எனக்க பயல”வில் உடைகிற அந்த இடமும், வின்சியின் அறிவுப்பூர்வமும், ஏலமும், “அக்கா, அரைன்னு ஒரு இடம் இல்ல”வும், சட்டைக்குள் இன்னும் இருக்கிற மஞ்சள் அட்டையும், பஞ்சுக்குள்ளிருந்து எரோணிமூஸ் மாமாவும், எல்லாவற்றையும் வரிசையாக, மூச்சு விடாமல். முடிவில் தன் குரலில், அது எப்படி இருக்கும் என்று அவளுக்கே கொஞ்சம் மறந்திருந்தது, மெலிசாக வந்தது: “அண்ணே, வந்திருவியா? ஓவர்.”

டெல்பின் பொத்தானை விட்டாள். பிறகு லியோன் அண்ணன் பேச ஆரம்பித்தார், அவளோடு அல்ல, அந்தப் பக்கம், ததேயுவின் படகோடு. அவர் அனுப்புவது கரைக்கும் கேட்கும், அந்தப் பக்கத்துப் பதில்தான் கேட்காது. பன்னிரண்டு என்றார், ஒளிக்காமல். மீன் என்றார். பிலோமி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் அந்த மணல் அரைக்கிற குரல், மீசை வைத்த குரல், முதலிடத்துப் பனந்துறைக் குரல், ஒரு தரம் செருமிவிட்டு, பெண்குரலாக ஏறப் பார்த்து, பாதியில் வழுக்கி, மறுபடி ஏறி, “லோபஸே, உனக்க மைக்குல இடி விழ” என்றது. வின்சி நாற்காலியில் சரிந்தான். “உனக்க சோத்துல மணல் விழ, எனக்க... எனக்க பயல...” அந்த இடத்தில் உடையவும் உடைந்தது, நன்றாகவே உடைந்தது, “ததேயு, இது பிலோமி அக்கா சொல்லுகு, நான் சொல்லல, எங்க ஊர்க்காரனுவ கேட்டா எனக்கு வீட்டுல சோறு கிடையாது, கேட்டியா.” “யாருலே இவன், என்ன மாதிரியே பேசுகான்” என்றாள் பிலோமி அக்கா, முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீருமாக, மீன் கையாலேயே துடைத்தாள். ஏலத்தை அவர் பாட்டாகவே பாடினார். அஞ்சரையை ரசித்து இரண்டு தரம் சொன்னார், பிறகு “மன்னிக்கணும், ஒருதரம்தான் சொன்னாங்க” என்று திருத்தினார். எரோணிமூஸ் மாமாவின் ‘ஹூ ஹொல்லு’ வந்தபோது எரோணிமூஸ் மாமாவே பஞ்சைத் துப்பிவிட்டுச் சிரித்தார், ரத்தமும் சிரிப்புமாக. டெல்பின் மட்டும் சிரிக்கவில்லை, அவள் காது முழுக்க அந்த இடைவெளிகளில் இருந்தது, லியோன் மூச்சு வாங்க விடுகிற இடங்களில், அந்தப் பக்கம் யாராவது எதையாவது சொல்லுகிற இடங்களில். திடீரென்று அவர் நின்றார். மஞ்சள் அட்டையில் நின்றார், பாதியில். இரைச்சல். மின்விசிறி இரைச்சல். ஏன் நிறுத்தினார். அவன் எழுந்து போய்விட்டானா, ததேயு அண்ணன் பெட்டியை அணைத்துவிட்டாரா, முகத்தைத் திருப்பிவிட்டார்களா, வடக்கே, ஏன் நிறுத்தினார். “இடவிளை, இடவிளை” என்றது குரல், கொஞ்சம் கோபமாக. “பிள்ள, உனக்க அண்ணனுக்கு மரியாத சொல்லிக் குடுக்கலியா நீங்க? நான் எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யுகேன், மூச்சு விட ஒரு நிமிசம் பட்டன விட்டேன், அதுக்குள்ள ‘ம்’ங்கான். நீ கேட்டத நான் இன்னும் கேக்கவேயில்ல. வெறும் ‘ம்’. இதுல என்னத்த நான் சொல்ல, நீட்டம் இல்ல, ஒண்ணும் இல்ல, இவ்வளவுதான் வந்தது, அப்பிடியே சொல்லிட்டேன். உனக்கு ஏதாவது விளங்குதா, ஓவ்வர்.” அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். டெல்பின் மைக்கைக் கீழே வைத்தாள், உதடு மூடியிருந்தது, மூடின உதட்டுக்குப் பின்னால் ஏதோ ஒன்று தானாக வந்து சரியான இடத்தில் உட்கார்ந்தது, இத்தனை நாள் கண்ணாடி முன்னால் வராதது. “எட்டி, அவன் வாறா...” என்று பிலோமி அக்கா ஆரம்பித்தாள்.

“ம்” என்றாள் டெல்பின்.